ஃபோகஸ் நேரலைக் காணொளிகள்: மிட்நைட் ஸ்பெஷலோடு நின்றுவிடாதீர்கள்

ரெயின்போ73

ஃபோகஸ் என்ற டச்சு ராக் குழுவைத் தேடினால் முதலில் வந்து விழுவது எப்போதும் அந்த ஒரே காணொளிதான். 1973 அக்டோபர், அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, 'தி மிட்நைட் ஸ்பெஷல்' நிகழ்ச்சி. க்ளாடிஸ் நைட் அறிமுகம் செய்து முடித்த கையோடு யான் ஆக்கர்மனின் கிட்டார் பாய்கிறது. ஹம்மண்ட் ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தைஸ் வான் லேயர் யோடலிங் (குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிட்டுப் பாடுவது) செய்கிறார், புல்லாங்குழல் ஊதுகிறார், சீட்டியடிக்கிறார், அர்த்தமில்லாத சொற்களைத் தெறிக்க விடுகிறார். 'ஹோகஸ் போகஸ்' பாட்டு, ஆல்பத்தில் இருப்பதைவிட எத்தனையோ வேகத்தில்.

போன வாரம் ஒரு குழுவில் இதை யாரோ பகிர்ந்திருந்தார்கள். கீழே முழுக்கச் சிரிப்பு முகங்கள். 'என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்களோ' என்று ஒருவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த நாலு பேரும் அந்தக் காலத்து ஐரோப்பாவின் தேர்ந்த வாத்தியக்காரர்கள். ஆக்கர்மனை 1973-ல் மெலடி மேக்கர் பத்திரிகை வாசகர்கள் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் போட்டிக்கு இருந்தவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபோகஸைப் பார்க்கத் தொடங்குபவர்கள் மூன்று காணொளிகளை இந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பிபிசியின் 'ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' நிகழ்ச்சி, 1972 டிசம்பர். பிறகு லண்டன் ரெயின்போ தியேட்டர், 1973 மே 5. மிட்நைட் ஸ்பெஷல் கடைசியில். அப்படிப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. வாய் திறந்துதான் இருக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

---

புதுச்செவி

அண்ணா, நான் 'பேபி டிரைவர்' படம் பார்த்துதான் இந்தப் பாட்டுக்கு வந்தேன். அதற்கு முன்னாடி 2010 உலகக்கோப்பைக் கால்பந்து சமயத்தில் வந்த நைக்கி விளம்பரத்திலும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு சந்தேகம். மிட்நைட் ஸ்பெஷல் காணொளியை வேகப்படுத்தி ஏற்றியிருக்கிறார்கள் என்று பல இடத்தில் படிக்கிறேன். நிஜமா? மனுஷன் கை அப்படி ஓடுமா?

---

ஒளிநாடா

இதற்கு நான் பதில் சொல்கிறேன், என் தொழிலே பழைய நாடாக்களோடுதான்.

வேகப்படுத்தவில்லை. பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறும். சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 சட்டகம். அதை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25-ல் ஓட்டுவார்கள். அந்த 4 சதவீத வித்தியாசத்துக்கே சுருதி முக்கால் செமிடோனுக்குக் (செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய படி) கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். 12 சதவீதம் வேகம் கூட்டினால் முழுசாக இரண்டு செமிடோன். இந்தக் காணொளி ஆல்பத்தைவிட எவ்வளவு வேகம் என்பது காதிலேயே தெரிகிறது. டேப்பை ஓட்டி அந்த வேகத்தை எட்டியிருந்தால் கிட்டார் மாண்டலின் மாதிரிக் கேட்கும், யோடலிங் எலிக்குஞ்சு மாதிரிக் கேட்கும்.

கிட்டார் தெரிந்தவர்கள் யாராவது ஆல்பத்தோடு ஒருமுறை, காணொளியோடு ஒருமுறை கூடவே வாசித்துப் பாருங்கள். கை அதே இடத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, மிட்நைட் ஸ்பெஷல் வீடியோ நாடாவில் பதிவான நிகழ்ச்சி. அதை ஐரோப்பிய முறைக்கு மாற்றும்போது வேகம் மாறாது. ஃபிலிமுக்குத்தான் அந்தத் தொல்லை.

---

ஆறுகம்பி

ஒளிநாடா சொன்னதை வாசித்தே பார்த்தேன். சுருதி அதேதான், சந்தேகமே வேண்டாம். கைதான் வரவில்லை, அது பயிற்சி சம்பந்தப்பட்ட விஷயம்.

வேகத்துக்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, தொலைக்காட்சி கொடுத்த நேரம் குறைவு என்பது. ஆல்பத்தில் பாட்டு ஆறரை நிமிஷத்துக்கு மேல். அதை இவர்கள் வெட்டவில்லை, விரட்டினார்கள். தவிர, அமெரிக்கச் சிங்கிளுக்காக இந்தப் பாட்டை வேகமாகத் திரும்பவும் ஒலிப்பதிவு செய்த வடிவமும் உண்டு. ஆகவே விரைவாக வாசிப்பது அவர்களுக்கு அன்று ராத்திரி திடீரென்று வந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் பாட்டு 9-ஆம் இடம் வரை போனது.

ரெயின்போ73, உங்கள் வரிசை எனக்குச் சம்மதம். ஆனால் 'சிரிக்கக் கூடாது' என்பது சம்மதம் இல்லை. அந்தப் பாட்டில் சந்தோஷம் இருக்கிறது. யோடலிங் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு சந்திரபாபு ஞாபகம் வருவார். அவர் பாடும்போது சிரித்தவர்கள் அவரை மட்டமாக நினைத்தா சிரித்தார்கள்?

---

ரெயின்போ73

> ஆறுகம்பி: 'சிரிக்கக் கூடாது' என்பது சம்மதம் இல்லை.

சிரிக்கலாம். சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்களே, அதுதான் வருத்தம்.

அந்தப் பாட்டு பிறந்த விதமே நன்றாக இருக்கும். பார்ன் ஊரில் க்ருனஃபெல்ட் என்ற பழைய மாளிகையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக்கர்மன் அந்தக் கிட்டார் வரிசையைச் சும்மா வாசிக்கிறார். டிரம்மர் பியர் வான் டெர் லிண்டன் இரண்டு பார் (தாளச் சுற்று) டிரம்ஸ் அடித்து இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் வான் லேயர் வாயில் தானாக யோடலிங் வந்துவிடுகிறது. அதுவரை அவர் யோடலிங் செய்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வடிவத்தைக் கவனியுங்கள். கிட்டார் வரிசை, டிரம்ஸ், யோடலிங். திரும்பக் கிட்டார், டிரம்ஸ், புல்லாங்குழல். திரும்பக் கிட்டார், டிரம்ஸ், சீட்டி. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ரோண்டோ என்பார்களே, அதே கட்டு: ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வரும், நடுவில் ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கு. பல்லவிக்கு இறங்கும் இடத்தில் நாலு பேரும் ஒரு மயிரிழைகூடப் பிசகுவதில்லை. மிட்நைட் ஸ்பெஷலில் வான் லேயரின் முகத்தை விட்டுவிட்டு, அந்த இறங்கும் இடங்களை மட்டும் ஒருமுறை கேளுங்கள்.

---

தாளக்கட்டு

டிரம்ஸ்காரனாக நான் ஒன்று சொல்லணும். எல்லாரும் ஆக்கர்மன் ஆக்கர்மன்னு பேசுறீங்க. அந்தக் காணொளியைத் தூக்கி நிறுத்துறது பியர்தான்.

அந்த இரண்டு பார் இருக்கே, அதை அவர் ஒவ்வொரு சுற்றிலும் வேற மாதிரி அடிக்கிறார். ஸ்னேர்ல உருட்டி டாம்டாம்ல இறக்குவார், அடுத்த சுற்றுல வேற எங்கயோ ஆரம்பிப்பார். ராக் டிரம்மர் மாதிரி முழங்கையிலிருந்து ஓங்கி அடிக்கிறது கிடையாது. அவர் வேர் ஜாஸ். மணிக்கட்டும் விரலும்தான் வேலை செய்யும், அதனாலதான் அந்த வேகத்திலயும் சத்தம் உடையாம இருக்கு.

இன்னொண்ணு, அவரும் ஆக்கர்மனும் ஃபோகஸுக்கு முன்னாடியே பிரெயின்பாக்ஸ் குழுவில் ஒண்ணா இருந்தவங்க. ஒருத்தர் எங்க திரும்பப்போறார்னு இன்னொருத்தருக்குக் கண்ணைப் பார்க்காமலே தெரியும்.

அவருக்கு அடுத்து வந்த கொலின் ஆலன் காலத்துப் பதிவுகளையும் கேளுங்க. ஆலன் நல்ல டிரம்மர், 'ஹாம்பர்கர் கன்சர்ட்டோ' ஆல்பத்துல அவர்தான். ஆனா அது நேரா நடக்குற தாளம். பியர் அடிக்கும்போது தரையே கொஞ்சம் அசையும்.

---

வடமராட்சியான்

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச நெதர்லாந்திலதான் இருக்கிறன், வந்து கனகாலம். என்னோட வேலை செய்த ஒரு டச்சுக்காரர்தான் இவையளை எனக்கு அறிமுகப்படுத்தினவர். சூட்டர்மீர் எண்ட ஊரில 'புர்டரை' எண்டு ஒரு மண்டபம் இருக்கு. ப்ரோக்ரெசிவ் ராக் கேக்கிற ஆக்களுக்கு அது கோயில் மாதிரி. அங்க வான் லேயரை நேர பார்த்தனான்.

மனுசன் 1948-ல பிறந்தவர். மேடைக்கு ஆறுதலா நடந்து வந்து ஆர்கனுக்குப் பின்னால இருந்திட்டார். இருந்த பிறகு வேற ஆள். இடது கை ஆர்கன் கட்டையில, வலது கையில புல்லாங்குழல், ரெண்டும் ஒரே நேரத்தில. நான் நிண்ட இடத்தில இருந்து விரல் தெரிஞ்சது. புல்லாங்குழலுக்குள்ள ஊதிக்கொண்டே தொண்டையால பாடுறார். ஒரு சுரம் குழலில, ஒரு சுரம் தொண்டையில. அது ஒலிவாங்கியில் வரேக்க உறுமுற மாதிரிக் கேக்கும். யோடலிங் வந்த உடன மண்டபத்தில இருந்த நரைச்ச தலையள் முழுக்கச் சேர்ந்து பாடினவை. ஒருத்தரும் அதைப் பகிடியா எடுக்கேல்லை. அது அவையின்ர பாட்டு.

அதனால நான் சொல்லுறன், 1973-ஓட நிக்காதேங்கோ. இப்பத்தைய நேரலைக் காணொளியளையும் பாருங்கோ.

---

ஆறுகம்பி

வடமராட்சியான் அண்ணா, பொறாமையாக இருக்கிறது. ஆனால் நேராகக் கேட்கிறேன்: ஆக்கர்மன் இல்லாமல் அது ஃபோகஸா?

அவர் 1976-ல் போய்விட்டார். பிலிப் கத்தரீன் வந்தார், அருமையான ஜாஸ் கிட்டார்க்காரர், ஆனாலும் குழு 1978-க்கு மேல் தாங்கவில்லை. இப்போது இருப்பது 2000-க்குப் பிறகு கட்டியது. அதன் ஆரம்பமும் ஃபோகஸ் பாட்டுகளை வாசிக்கும் ஒரு ரசிகர் குழுவிலிருந்து. யான் டுமே அதில் கிட்டார், வான் லேயரின் வளர்ப்பு மகன் பாபி ஜேக்கப்ஸ் பேஸ் கிட்டார். அந்தக் குழுவோடு வான் லேயர் போய்ச் சேர்ந்துகொண்டார், அதுவே ஃபோகஸ் ஆகிவிட்டது. மென்னோ ஹூட்யஸ் 2010-லிருந்து வாசிக்கிறார், திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் 'சில்வியா' பாட்டில் அந்தக் கிட்டார் மெட்டை ஆக்கர்மன் வாசிப்பதற்கும் மற்றவர்கள் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் விசில் டெஸ்ட் காணொளியிலேயே இருக்கிறது. அவர் ஒவ்வொரு சுரத்தையும் பாடுகிற மாதிரி நீட்டுகிறார். மற்றவர்கள் சுரத்தைச் சரியாக வாசிக்கிறார்கள்.

---

வடமராட்சியான்

தம்பி, குழுவைத் தொடங்கினது வான் லேயர், 1969-ல ஆம்ஸ்டர்டாமில. முதல்ல மூண்டு பேர்: அவர், மார்ட்டின் டிரெஸ்டன், ஹான்ஸ் க்ளூஃபர். 'ஹேர்' எண்ட மேடை நாடகத்தின்ர டச்சு வடிவத்துக்கு வாசிச்சவை. ஆக்கர்மன் பிறகு வந்து சேர்ந்தவர். 'சில்வியா' மெட்டும் வான் லேயரின்ரதான். முதல்ல அது சில்வியா அல்பெர்ட்ஸ் எண்ட பாடகிக்காக எழுதின பாட்டு. அவவுக்குப் பிடிக்கேல்லை. வரியளை விட்டிட்டு வெறும் வாத்திய இசையா மாத்தினதுதான் இங்கிலாந்தில 4-ஆம் இடம் போனது.

மெட்டுப் போட்டவர் இருக்கிறார், பியரும் 2004-ல திரும்பி வந்திட்டார். பிறகென்ன?

---

தாளக்கட்டு

பியர் இருக்கிற வரைக்கும் எனக்கு அது ஃபோகஸ்தான். 😊

---

ரெயின்போ73

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் ஆறுகம்பி பக்கம்தான் சாய்வேன். அதற்கு ரெயின்போ காணொளியே சாட்சி.

ரெயின்போ என்பது வடக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இருந்த பழைய சினிமா அரங்கு. 1930-ல் அஸ்டோரியா என்ற பெயரில் கட்டியது, 1971-ல் ராக் அரங்காக மாறியது. இப்போது அது தேவாலயம். ஃபோகஸ் அங்கே வாசித்த சமயத்தில் இங்கிலாந்து முழுக்க இவர்கள் பேச்சுத்தான். விசில் டெஸ்டில் வந்த சில வாரங்களில் 'சில்வியா', 'ஹோகஸ் போகஸ்' இரண்டும் ஒரே நேரத்தில் முதல் 20 இடங்களுக்குள். வார்த்தையே இல்லாத ஒரு பாட்டும் அர்த்தமே இல்லாத வார்த்தைகள் உள்ள ஒரு பாட்டும், ஹாலந்திலிருந்து வந்து!

ரெயின்போ இசைத்தட்டு உங்களில் பலரிடம் இருக்கும். 'ஃபோகஸ் III'-ல் ஆரம்பித்து, 'ஆன்ஸர்ஸ்? கொஸ்டின்ஸ்!', அப்புறம் 'ஃபோகஸ் II', 'இரப்ஷன்', கடைசியில்தான் 'ஹோகஸ் போகஸ்', அதன் நடுவில் 'சில்வியா'. கவனியுங்கள், யோடலிங் வருவதற்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு இவர்கள் மெதுவாகவும் மென்மையாகவும் வாசிக்கிறார்கள். கூட்டம் அமைதியாகக் கேட்கிறது.

'ஃபோகஸ் II'-ல் ஆக்கர்மன் செய்வதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. தந்தியைத் தட்டும்போது சத்தம் சுத்தமாக இல்லை. தட்டிய பிறகு வால்யூமை ஏற்றுகிறார். பிக் தந்தியில் படும் அந்த 'டக்' நம் காதுக்கு வருவதே இல்லை, சுரம் வில் போட்ட வயலின் மாதிரி ஒன்றுமில்லாததிலிருந்து மலர்ந்து வருகிறது. லெஸ் பால் கிட்டார், பெரிய ஆம்ப்ளிஃபயர், அதில் இப்படி ஒரு மென்மை. அவர் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் வாசிப்பவர் என்பதும் இங்கே தெரியும். 'எல்ஸ்பெத் ஆஃப் நாட்டிங்ஹாம்' கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர் முகத்தில் எந்த நாடகமும் இல்லை. வான் லேயர் எந்த அளவுக்கு ஆடுகிறாரோ அந்த அளவுக்கு இவர் அசையாமல் நிற்கிறார். இந்த இரண்டு சுபாவமும் ஒரே மேடையில் இருந்ததுதான் ஃபோகஸ். ஒன்று போனபின் மற்றது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இழுபறி இல்லை.

இழுபறி என்று சும்மா சொல்லவில்லை. அந்த வருஷம் இவர்கள் ஒரு ஸ்டூடியோ ஆல்பம் பதிவு செய்ய உட்கார்ந்து, உள்ளுக்குள் மனஸ்தாபம் முற்றி, அது பாதியில் நின்றுவிட்டது. அதன் இடத்தை நிரப்பத்தான் ரெயின்போ நேரலைத் தட்டு வந்தது. மிஞ்சிய பதிவுகள் 1976-ல் 'ஷிப் ஆஃப் மெமரீஸ்' தட்டில் சேர்ந்தன. மிட்நைட் ஸ்பெஷல் முடிந்து அதிக நாள் ஆகவில்லை, பியரும் விலகிவிட்டார். நாம் சிரித்துக்கொண்டே பார்க்கும் அந்தக் காணொளியில் இருப்பது, பிரியப்போகிற நாலு பேர்.

---

புதுச்செவி

இது தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இரப்ஷன்' பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணா. ரெயின்போவில் கேட்டேன், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

---

ரெயின்போ73

அது ஆர்ஃபியஸ், யூரிடிசி கதை. பாம்பு கடித்து இறந்த மனைவியைத் தேடிப் பாதாளம் வரை போகிறான் பாடகன். மீட்டுக்கொண்டு வரும் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான், இழந்துவிடுகிறான். ஸ்டூடியோவில் 'மூவிங் வேவ்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க இதுதான், 23 நிமிஷம். ரெயின்போவில் வருவது அதன் ஒரு பகுதி மட்டும்: ஆர்ஃபியஸ், ஆன்ஸர், பியூபிலா, டாமி. அதனால்தான் உனக்கு முடிவு பிடிபடவில்லை. முதலில் ஆல்பத்தைக் கேள், பிறகு காணொளிக்கு வா.

'டாமி' பகுதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது இவர்கள் எழுதியதல்ல, சொல்யூஷன் என்ற இன்னொரு டச்சுக் குழுவின் டாம் பார்லாஹே எழுதியது. ஆக்கர்மன் அதை எடுத்து ஓட ஆரம்பிக்கும்போது ஆர்கன் பின்னால் மெல்ல ஏறுவதைக் கேள்.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டின் வரிகள் இனாயத் கானுடையவை. பரோடாவில் பிறந்து மேற்கே போய் சூஃபி நெறியைப் பரப்பிய வீணைக் கலைஞர். வான் லேயர் பியானோ வைத்துக்கொண்டு தனியாகப் பாடுவார், இரண்டே முக்கால் நிமிஷம் இருக்கும். 'ஹோகஸ் போகஸ்' இருக்கும் அதே தட்டில் இதுவும் இருக்கிறது என்பதை நம்பச் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும்.

---

ஒளிநாடா

காணொளி தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தக் காலத்து ஐரோப்பியத் தொலைக்காட்சியில் பல குழுக்கள் தட்டை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போவார்கள். டச்சு 'டாப்பாப்' நிகழ்ச்சியில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். 'நேரலை' என்று தலைப்புப் போட்டு அவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். கிட்டாரிலிருந்து ஒயர் எங்காவது போகிறதா பாருங்கள். டிரம்ஸுக்கு மைக் இருக்கிறதா பாருங்கள். சிம்பலில் குச்சி படும் கணத்தில் சத்தம் வருகிறதா என்பதையும் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆல்பத்தின் அதே சோலோ சுரம் பிசகாமல் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆக்கர்மன் ஒரே சோலோவை அச்சடித்த மாதிரி இரண்டு தடவை வாசிக்கிற ஆள் இல்லை.

ரெயின்போ காணொளியில் தரம் குறைந்த பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. சத்தம் மந்தமாக இருந்தால் அதைவிட்டு வேறு பிரதி தேடுங்கள். பெர்ட் ராய்ட்டரின் பேஸ் தெளிவாகக் கேட்கிற பிரதிதான் நல்ல பிரதி. அவர் 2022-ல் காலமானார். அவரைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

தாளக்கட்டு

சரியாச் சொன்னீங்க ஒளிநாடா. பியர் அவ்வளவு அலையவிடுறதுக்குக் காரணமே பெர்ட் அங்க நகராம நிற்கிறதுதான். 'ஆன்ஸர்ஸ்? கொஸ்டின்ஸ்!' ரெயின்போ பதிவுல ஹெட்ஃபோன் போட்டு பேஸை மட்டும் தொடர்ந்து போங்க. ஆக்கர்மனும் வான் லேயரும் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர்ற வீடு அங்கதான் இருக்கு. பிறகு அவர் எர்த் அண்ட் ஃபயர் குழுவுக்குப் போனார்.

---

வடமராட்சியான்

1990-ல பழைய நாலு பேரும் ஒருக்கா சேர்ந்தவை, இஞ்சத்தைய தொலைக்காட்சிக்காக. அந்தக் காணொளியும் கிடக்கு. ஆறுகம்பி தம்பி, அதைப் பார்த்திட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.

---

ஆறுகம்பி

பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டு விஷயம் சொல்கிறேன். ஆக்கர்மன் வாசிப்பு மாறியிருக்கிறது, ஜாஸ் பக்கம் போய்விட்டார், சுரங்கள் அதிகம். வான் லேயர் பார்வை அவர் மேலேயே இருக்கிறது. 1973-ல் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த இடங்களில் இப்போது ஆக்கர்மன் கையைப் பார்க்கிறார்.

நல்ல பதிவு. ஆனால் என் கட்சியை இது மாற்றவில்லை, பலப்படுத்தியிருக்கிறது. ஆக்கர்மன் மெட்டை எட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது மற்ற மூவரும் காத்திருக்கிறார்கள். இப்போதைய குழுவில் அந்தக் காத்திருப்பு தேவைப்படுவதில்லை.

---

வடமராட்சியான்

காத்திருக்கத் தேவையில்லாததும் ஒரு குணம்தானே தம்பி. 2024-ல 'ஃபோகஸ் 12' வந்திருக்கு. ஒவ்வொரு தட்டிலயும் 'ஃபோகஸ்' எண்டு இலக்கம் போட்டு ஒரு மெதுவான மெட்டு வைக்கிறது இவையின்ர வழக்கம், அதை இப்பவும் விடேல்லை. 'ஃபோகஸ் I'-ஐயும் புதுசையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ. ஒரே ஆளின்ர கை.

---

புதுச்செவி

ரெயின்போ73 அண்ணா சொன்ன வரிசையில் மூன்றையும் பார்த்து முடித்தேன். விசில் டெஸ்ட் 'சில்வியா'தான் எனக்கு முதல் இடம். மிட்நைட் ஸ்பெஷலை இந்தத் தடவை தாளக்கட்டு அண்ணா சொன்ன மாதிரி டிரம்ஸை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் நிஜமாகவே வேற வேற.

அடுத்து 'ஹாம்பர்கர் கன்சர்ட்டோ' நேரலை ஏதாவது இருக்கிறதா?

---

ரெயின்போ73

அதற்கு முன்னால் பிராம்ஸின் 'ஹைடன் கருப்பொருள் மேல் மாறுபாடுகள்' ஒருமுறை கேட்டுவிடு. 'ஹாம்பர்கர் கன்சர்ட்டோ' அதிலிருந்துதான் எழுந்தது. பிராம்ஸ் பிறந்தது ஹாம்பர்க். நேரலைப் பதிவுகளைத் தேடித் தனி இழையாகப் போடுகிறேன், கொலின் ஆலனைப் பற்றியும் அங்கே பேசலாம். தாளக்கட்டு கட்டாயம் வர வேண்டும்.